இப்போதைக்குக் கட்டிய கட்டு

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பொய் சொன்னவனுக்கு முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே பசிக்கும், நன்றாகவே தூக்கம் வரும். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் ஒரு குயர் தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்து இதை எழுதவில்லை. நான் எழுதி வைக்க வைக்க உன் அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். முடித்த பிறகு வன்னியம்பட்டிக்குக் கொண்டுபோய் என் பட்டாளத்துச் சிநேகிதன் சுடலைமுத்துவிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். கல்யாணம் நிச்சயமான மகனுக்கு அப்பன் வாழ்த்து எழுதுவது வழக்கம். உனக்கு வாய்த்தது இதுதான், படி.

இன்று திங்கள்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்காரர் சைக்கிளில் வந்து, பெங்களூரிலிருந்து எனக்குப் போன் என்று கூட்டிக்கொண்டு போனார். பேசியது உன் எஞ்சினியர். காலையில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாராம். விமானத்தின் இடது பக்க எஞ்சினில் வயரைப் பிடிக்கிற கிளாம்பை ஒழுங்காகத்தான் மாட்டினேன், எனக்குப் பிறகு எண்ணெய் ஃபில்டர் மாற்ற அந்த மூடியைத் திறந்தது கூட வேலை செய்யும் தேவசகாயம், அவர்தான் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் டையைப் போட்டிருக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். தேவசகாயத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. இதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது பூத்தின் கண்ணாடிக் கதவை உடைத்துவிடலாமா என்று வந்தது எனக்கு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நீ போட்ட கையெழுத்துக்குக் கீழே உன்னை நம்பித் தன் கையெழுத்தையும் போட்ட மனுஷன் அவர். போன தீபாவளிக்கு நீ ஊருக்கு வர முடியாதபோது உனக்குச் சோறு போட்டது அவர் வீடுதான் என்று நீயேதான் எழுதியிருந்தாய். த்தூ!

நேற்று நடந்ததை உனக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. சம்பந்தி வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். தாம்பூலம் மாற்றிப் பந்தியில் உட்கார்ந்தாகிவிட்டது. சம்பந்தி உன் வேலையைப் பற்றி ஏதோ கேட்டார், நீ இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆரம்பித்தாய். "கிளாம்ப் ஸ்டாக் இல்ல மாமா. பம்பாயில இருந்து வர நாலு நாளாகும்னாங்க. ஒரு வயர் கட்டுக்காக பிளேனை நாலு நாள் நிறுத்துவாகளா? ஒரு பிளாஸ்டிக் டையை எடுத்தேன், பக்கத்துல போற பெட்ரோல் பைப்போட சேத்து வச்சு ஒரே இழு. இப்போதைக்கு இது போதும்னு பேப்பர்ல கிளாம்ப் மாட்டினதா எழுதி விட்டுட்டேன். ரெண்டு வாரமா ஜம்முனு பறக்குது!" சம்பந்தி தொடையில் தட்டி, "மாப்பிள்ளை எமகாதகர்ல!" என்றார். பந்தி முழுக்கச் சிரிப்பு. உன் அம்மா உனக்கு இன்னொரு வடை வைத்தாள்.

சிரிக்காதது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று எனக்கு எதிர்ப்பந்தியில், வலது கை விரல்கள் ஒட்டிப்போயிருப்பதால் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்து. அவன்தான் கேட்டான், "அது இப்பவும் பறக்குதா மருமவனே?" என்று. "ஆமா மாமா, நாளைக்குக் காலைல ஆறு பேரை ஏத்திக்கிட்டுக் கோயம்புத்தூர் போகுது" என்றாய், பெருமையாக. சுடலை ஸ்பூனைக் கீழே வைத்தான். பாயசம் வருமுன்னே இலையை மூடினான். கை கழுவப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். உனக்கு அது தெரியவே தெரியாது, நீ அப்போது இரண்டாவது தடவை அதே கதையைச் சம்பந்தியின் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

உன்னைப் புறவாசலுக்குக் கூட்டிப் போய், உடனே பெங்களூருக்குப் போன் போட்டு அந்த விமானத்தை நிறுத்தச் சொல் என்றேன். நீ சிரித்தாய். நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன், சம்பந்தி வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "சபையில மானத்தை வாங்காதீங்கப்பா. மில்லுல பெல்ட் மாத்திக்கிட்டு இருக்கிறவரு எனக்குப் பிளேன் வேலை சொல்லித் தராதீங்க" என்றாய். விமானப்படையில் பதினைந்து வருஷம் எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தவன்தான் இன்றைக்கு இந்த ராஜபாளையத்து மில்லில் பெல்ட் மாற்றுகிறான் என்பது உனக்கு மறந்துபோயிற்று. அதைக்கூட விட்டுவிடலாம். பிறகு ஒன்று கேட்டாயே, "ஏன், நீங்க ஒங்க காலத்துல எதையும் இப்போதைக்குன்னு கட்டி விட்டதே இல்லையா?" என்று. நான் திரும்பி வீட்டுக்குள் நடந்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

பதிலுக்கு முன்னால் நீ செய்தது என்ன என்று உனக்குப் புரிய வேண்டும், ஏனென்றால் பரீட்சையில் தொண்ணூறு வாங்கியவன் நீ, ஒரு எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை. எஞ்சின் அறைக்குள் வயர் என்பது வீட்டுச் சுவரில் போகிற வயர் இல்லை. அங்கே எல்லாம் நடுங்குகிறது. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் ஒரு பக்கம் ஆடுகிறது, சட்டம் இன்னொரு பக்கம் ஆடுகிறது, இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற வயர் எதையாவது தொட்டால் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், விமானம் பறக்கிற ஒவ்வொரு நிமிஷமும். அதனால்தான் ரப்பர் மெத்தை வைத்த கிளாம்பால் பிடித்து, அந்தக் கிளாம்பைச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டு நகரவும் கூடாது, வயரை நெரிக்கவும் கூடாது. எஞ்சின் ஆடினாலும் இழுபடாத அளவுக்கு வயரில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும், அந்தத் தொய்வு எதன்மேலும் போய்ப் படுத்துவிடவும் கூடாது. புகைபோக்கிப் பக்கம் போகக் கூடாது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டில் கம்பி நகர்கிற வழியில் வரக் கூடாது. பிளாஸ்டிக் டை அந்தச் சூட்டில் முறுகி அப்பளமாக நொறுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் பைப்பை வயருக்குத் தாங்கியாக வைக்கவே கூடாது. தோல் தேய்ந்து செம்பு வெளியே வந்தால் ஒரு பொறி, பைப் ஓட்டையானால் பெட்ரோல். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து ஒரே இழு இழுத்தேன் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறாய், சம்பந்தி தொடையைத் தட்டுகிறார்!

இதில் என் பங்கும் இருக்கிறது. நீ எட்டாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. நான் மில்லிலிருந்து வருவதற்குள் நீ டார்ச் வயரிலிருந்து செம்பு இழைகளை உரித்து, நாலைந்தாக முறுக்கி ஃபியூஸில் வைத்து விளக்கை எரிய வைத்திருந்தாய். அன்றைக்கு உன் காதைப் பிடித்துத் திருகி, அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எம் மவன் சமாளிச்சுட்டான்ல!" என்று தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்தக் கம்பி இரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. உன் தலையில் இந்தப் புழுவை விட்டவன் நான். அதனால் உன்மேல் இருக்கிற கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டு மடங்காகியிருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், கட்டியிருக்கிறேன். ஒரு தடவை. எண்பதுகளின் ஆரம்பம், நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். வடக்கே ஒரு விமானத் தளத்தில் நானும் சுடலைமுத்துவும் ஒரே பிரிவில் இருந்தோம். நான் ராஜபாளையம், அவன் வன்னியம்பட்டி. அத்தனை இந்திக்காரர்களுக்கு நடுவில் அது ஒரே வீடு மாதிரிதான். லீவுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் நம்மூர் மில் நூல் ஒரு உருண்டை கொண்டு போவேன். கொசுவலை கட்ட, சட்டைப் பொத்தான் தைக்க, டிரங்குப் பெட்டியில் அடையாளம் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு நம்பர் நூல் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்க மில்லில் லேசாக ரோஸ் சாயம் காட்டுவார்கள் அல்லவா, அந்த நூல். "எங்க ஊரு நூலுடா, யானையைக் கட்டலாம்" என்று பஞ்சாபிக்காரனிடம்கூட அலட்டிக்கொள்வேன். சுடலையின் கொசுவலையும் அந்த ரோஸ் நூலில்தான் தொங்கியது.

எனக்கு லீவு கிடைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வடம் தொடுவதாக உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மத்தியானம் ரயில். காலையில் கையில் கடைசி வேலை, ஒரு எஞ்சினில் வயர்க் கற்றையைக் கட்டி முடிக்க வேண்டும். மெழுகு பூசிய கட்டுக் கயிறு அதற்கென்றே தனியாக உண்டு. ஸ்டோரில் தீர்ந்துபோய்விட்டது, இரண்டு நாளில் வரும் என்றான் ஸ்டோர்க்காரன். இரண்டு நாள் நான் எங்கே காத்திருக்க? பையிலிருந்த உருண்டையை எடுத்தேன். மூன்று இழையை முறுக்கி ஒன்றாக்கி, பிரமாதமாகக் கட்டினேன். கட்டிவிட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தை, நீ நேற்றுச் சொன்ன அதே வார்த்தை. இப்போதைக்கு. கயிறு வந்ததும் மாற்றிக் கட்டச் சொல்லிச் சுடலையிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அவன் எதிரே வந்து, "ஏலே, ரயிலை விட்டுராத, ஓடு. பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டுக்கிடுதேன்" என்றான். நான் ஓடினேன். சொல்லவில்லை. மறந்துபோய்விட்டது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன், அதுவும் பொய். சொன்னால் மூடியைத் திறந்து பார்ப்பான், பார்த்தால் என்னைப் போகவிட மாட்டான், அதனால்தான் சொல்லவில்லை.

நான் கட்டியது என்பதால் சுடலை திறந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஐந்தாம் நாள் அந்த எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். பருத்தி நூல் எண்ணெயைக் குடிக்கும், சூட்டில் கருகும், மெழுகுக் கயிறா அது? கட்டு அறுந்து, வயர் கற்றையோடு புகைபோக்கிமேல் விழுந்து, தோல் உருகித் தீப்பிடித்துக்கொண்டது. சுடலைதான் முதலில் ஓடி, சூடேறிய மூடியை வெறுங்கையால் திறந்து, தீயணைப்பானை உள்ளே காட்டினான். விமானம் தப்பியது. அவன் வலது கை வெந்துபோயிற்று. அதே நாளிலா அடுத்த நாளிலா தெரியவில்லை, நான் இங்கே ஆண்டாள் தேர் வடத்தை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, மறு கையால் உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, "அப்பா, இன்னும் மேல, இன்னும் மேல" என்று கத்தினாய்.

லீவு முடிந்து போனதும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நூல் எல்லாம் எரிந்துவிட்டது, சாட்சி கிடையாது. எதைக் கொண்டு கட்டினாய் என்று அதிகாரி கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, "கட்டுக் கயிறு சார். சரியாத்தான் கட்டினேன்" என்றேன். அன்று ராத்திரி நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். மேலே அதை எழுதியபோது உனக்குப் புரிந்திருக்காது, இப்போது புரியும். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்குச் சுடலையின் பதவிப் பட்டையைக் கழற்றினார்கள், கை வேலைக்கு உதவாது என்று கொஞ்ச நாளில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நான் காலம் முடியும்வரை இருந்து, முழுப் பென்ஷனோடு, மாலை போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன்.

இந்த இடம்வரை படித்துவிட்டு உன் அம்மா தாளைக் கீழே வைத்தாள். "அந்த மனுசன் கைக்கு நான் எத்தனை பொங்கலுக்குக் கரும்பு ஒடிச்சுக் குடுத்திருப்பேன், நீரு பார்த்துக்கிட்டு ஒக்காந்திருந்தீரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்னும் வெளியே வரவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். சின்ன வயதில் நீ அவன் விரல்களைத் தொட்டு, "இது என்னாச்சு மாமா?" என்று கேட்பாய். "கொதிக்கிற பாலுக்குள்ள கையை விட்டுட்டேன்யா, பூனைப் புத்தி" என்பான். நீ சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன், கேட்டுக்கொள். பதினாறு வருஷம் சிரித்திருக்கிறேன்.

நேற்று நீ பஸ் ஏறியதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் வாயைத் திறந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "சுடலை, அன்னிக்கு நான் கட்டினது கயிறு இல்ல" என்றேன். அவன் திரும்பக்கூட இல்லை. "தெரியும்" என்றான். உள்ளே போய் ஒரு பழைய தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். அதற்குள் ஒரு விரல் நீளத்துக்கு நூல், மூன்று இழை முறுக்கியது, ஒரு முனை கருகியிருந்தது. எண்ணெய்க் கறைக்குள்ளும் அந்த ரோஸ் தெரிந்தது. தீயை அணைத்த கையோடு, ஆட்கள் ஓடி வருமுன், சட்டத்தில் ஒட்டியிருந்ததை இடது கையால் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டானாம். அந்த நூல் அவன் கொசுவலையில் தொங்கிய நூல், அவனுக்கா அடையாளம் தெரியாது?

"ஏன்லே சொல்லல?" என்றேன். அடுத்து அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "சொன்னா ரெண்டு பேரு போயிருப்போம், சொல்லாட்டி ஒருத்தன். ஒம் மவன் அப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருந்தான். சரி, பய வந்து அவனா சொல்லுவான்னு இருந்தேன். நீ வந்த. வருசா வருசம் வந்த. காப்பி குடிச்ச, மழை பெய்யுதா, பருத்தி என்ன வெலைன்னு கேட்ட, போன. ஒவ்வொரு தடவையும் நீ செருப்பு மாட்டுத வரைக்கும் காத்துக்கெடந்தேன்லே. பொறவு விட்டுட்டேன்." நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டான். "மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காத, எனக்கு அதுல சோலி இல்ல. எங்கிட்ட வந்து அழுதா நாளைக்கு அந்தப் பிளேன் கீழேயே நிக்குமா? ஆறு பேரு ஏறப்போறாகன்னு ஒம் மவன் சொன்னானே, எதுக்கு இங்க நிக்குத? போலே!" என்றான். போ என்றதும் போனேன்.

திரும்பி வரும்போது பொழுது சாயவில்லை. நம் வீட்டுக் காலண்டரில் அவசரத்துக்கு என்று நீயே எழுதி வைத்திருந்த நம்பரைக் கிழித்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். உன் எஞ்சினியரே எடுத்தார், நல்லவேளையாகத் தமிழ் தெரிந்தவர். நாளைக் காலை கோயம்புத்தூர் போகிற விமானம், எஞ்சினுக்குள் பெட்ரோல் பைப்போடு சேர்த்துக் கட்டிய வயர் என்று சொன்னேன். அவர் தயங்கவில்லை, திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன் என்றார். பிறகு, "நீங்க யாரு பேசுறது?" என்று கேட்டார். பெயர் சொல்லாமல் போனை வைத்துவிடலாம். விமானம் நின்றுவிடும், உனக்கும் ஒன்றும் ஆகாது, பெண் வீட்டுக்கும் ஒன்றும் தெரியாது. கை போனை வைக்கத்தான் போயிற்று, ஒளிக்க மாட்டேன். அப்போது என் மூக்கில் சுடலை வீட்டு மாட்டுத் தொழுவத்து வாடைதான் அடித்தது. "கட்டினவனோட அப்பா பேசுறேன்" என்றேன்.

இன்று அவர் சொன்னதையும் கேள். டை முறுகிப் பாதி வெடித்திருந்ததாம். வயரின் தோல் தேய்ந்து ஒரு இடத்தில் செம்பு தெரிந்ததாம், அது பைப்பின் இணைப்புக்கு மேலேயே. எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். கோயம்புத்தூருக்குப் போகவிருந்த ஆறு பேரும் இன்று காலை எரிச்சலோடு ரயிலில் போயிருக்கிறார்கள். அவர்கள் உன்னைத் திட்டியிருப்பார்கள், திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார்கள்.

அவர் கடைசியாகக் கேட்டது, "பையன் சொன்னதை நீங்க காதால கேட்டதா எழுதிக் குடுப்பீங்களா?" என்று. எழுதிவிட்டேன். நீ பந்தியில் சொன்னது சொன்னபடி, வடை வைத்தது நீங்கலாக, ஒரு முழுத் தாள். இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தபாலில் போடப் போவதில்லை. இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை வந்து சேரும். நானும், ஆள் விட்டுக் கேட்டதும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிய சுடலையும் வியாழக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் ஏறுகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த வாசலில் நிற்போம். அதற்கு முன்னால் நீயாகப் போய், டையைக் கட்டியது நான், கிளாம்ப் மாட்டியதாக எழுதியது நான், தேவசகாயம் என்னை நம்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று உன் வாயால் சொல்லியிருந்தால், என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உன்னோடு ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறேன். இல்லையென்றால் நான் உள்ளே வந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாசிப்பேன். பெற்ற அப்பன் செய்ய மாட்டான் என்று கணக்குப் போடாதே.

உன் வேலை போகும், இல்லாவிட்டால் லைசென்ஸையாவது கொஞ்ச காலத்துக்குப் பிடுங்கி வைப்பார்கள். போகட்டும். மில்லில் பெல்ட் மாற்ற ஆள் வேண்டும், அந்த வேலையை நீ இளக்காரமாகப் பேசினாய், வந்து ஒரு நாள் மாற்றிப் பார். பெண் வீட்டாருக்கு யார் சொல்வது என்று பயப்படாதே. இன்று பூத்திலிருந்து நேரே போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று நானே சொல்லிவிட்டேன், என் கதையையும் சேர்த்து. அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்தான் உள்ளேயிருந்து வந்து, "இப்ப அவிய என்ன சொல்லுறாக மாமா?" என்று கேட்டது. வெள்ளிக்கிழமை தெரியும் தாயி என்றேன்.

இந்தக் கவருக்குள் அந்த நூல் துண்டை வைக்கலாம் என்று சுடலையிடம் கேட்கப் போகிறேன். தருவானோ மாட்டானோ, அவன் இஷ்டம். தந்தால் தொட்டுப் பார். முடிச்சு இன்னும் அவிழவில்லை. கட்டு எப்போதும் எனக்கு நன்றாக வரும்.

சிவகாசியிலிருந்து அச்சகத்துக்காரர் வந்து கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போனார். உன் பெயருக்குக் கீழே வேலையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு சின்ன விமானப் படம்கூட இருக்கிறது. அடித்துவிடலாமா என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பா